பழைய இரும்புக் கடைக்குப் போகும் ராட்டினங்கள்

புது தில்லி: தில்லி பிரகதி மைதானத்தை ஒட்டி உச்ச நீதிமன்றத்தின் கூடுதல் கட்டட வளாகம் எழுந்து நிற்கிறது. குடியரசுத் தலைவராக இருந்த ராம்நாத் கோவிந்த் 2019 ஜூலையில் அதைத் திறந்துவைத்தார். அங்கு வழக்குக் கட்டுகளுடன் நடந்து செல்லும் இளம் வழக்குரைஞர்களில் சிலர், பள்ளிப் பருவத்தில் அதே இடத்தில் ராட்டினத்தில் சுற்றியவர்களாக இருக்கக்கூடும். நாட்டின் முதல் கேளிக்கைப் பூங்கா என்று பெயர்பெற்ற "அப்பு கர்" இருந்த நிலம் அது.

1982-ல் தில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான "அப்பு" யானையின் பெயரால், 1984 நவம்பர் 19-ம் தேதி அப்பூங்கா தொடங்கப்பட்டது. அதற்கு 19 நாள்களுக்கு முன்புதான் இந்திரா காந்தி படுகொலை செய்யப்பட்டிருந்தார். தொடங்கப்பட்ட நாள் அவரது பிறந்த நாள். நீதிமன்ற ஆணைப்படி 2008 பிப்ரவரியில் பூங்கா மூடப்பட்டது. ஆசியப் போட்டியில் "அப்பு"வாக வலம் வந்த குருவாயூர்க் கோயில் யானை குட்டிநாராயணன் அதற்கு முன்பே, 2005-ல், மறைந்துவிட்டது. இருபத்து மூன்று ஆண்டுகள் தலைநகரின் குழந்தைகளை மகிழ்வித்த இயந்திரங்களில் ஒன்றையேனும் எடுத்துவைத்து "இது அப்பு கரில் ஓடியது" என்று காட்ட வேண்டும் என்ற எண்ணம் அன்று எந்த அரசுத் துறைக்கும் எழவில்லை. இத்தனைக்கும் அதே தில்லியின் சாணக்கியபுரியில், ஓய்வுபெற்ற ரயில் என்ஜின்களுக்கென்றே தேசிய ரயில் அருங்காட்சியகம் 1977 முதல் இயங்கி வருகிறது.

தில்லியில் நடந்தது மும்பையிலும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் மும்பையில் இழப்பதற்கு இன்னும் கொஞ்சம் மீதம் இருக்கிறது.

கடல் கடந்து ஒரு பூங்கா: மும்பையின் வடமேற்கு மூலையில், கோராயில் 1989-ல் திறக்கப்பட்டது எஸ்ஸெல் வேர்ல்டு. பின்னாளில் ஜீ தொலைக்காட்சியைத் தொடங்கிய சுபாஷ் சந்திராவின் நிறுவனம் அமைத்த பூங்கா அது. 1998-ல் அதன் அருகிலேயே "வாட்டர் கிங்டம்" நீர் விளையாட்டுப் பூங்காவும் வந்தது. 33 ஆண்டுகள் இயங்கிய எஸ்ஸெல் வேர்ல்டு 2022-ல் பார்வையாளர்களுக்குத் தன் வாயிலை மூடிக்கொண்டது.

மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழர் ஒருவரிடம் அப்பூங்காவைப் பற்றிக் கேட்டால், அவர் முதலில் நினைவுகூர்வது ரோலர் கோஸ்டராக இராது. போய்ச் சேர்ந்த வழியாகவே இருக்கும். செம்பூரிலிருந்து புறப்பட்டால் துறைமுக வழித்தட ரயிலில் குர்லா, அங்கிருந்து தாதர், மேற்கு வழித்தட வண்டிக்கு மாறி மலாடோ போரிவலியோ, அதன் பின் பேருந்து, கடைசியில் மார்வேயிலோ கோராய்ப் படித்துறையிலோ படகு. இட்லியும் புளியோதரையும் கட்டிக்கொண்டு கிளம்பிய மாட்டுங்காக் குடும்பத்துக்கு, ராட்டினத்தில் கால்வைக்கும் முன்பே பாதி உல்லாசம் முடிந்துவிடும். தாராவியின் கூலித் தொழிலாளிக்கோ அந்நுழைவுக் கட்டணம் எளிதில் எட்டாதது. பள்ளிச் சுற்றுலா என்ற பெயரில் ஆண்டுக்கொரு முறை அவர் பிள்ளைக்கு அது வாய்த்தால் உண்டு.

எட்டாத அந்தப் பிள்ளைகளுக்கு மும்பை வேறொன்றை வைத்திருந்தது. சக்கரம் பொருத்திய தள்ளுவண்டியின் மீது நான்கு இருக்கைகளுடன் நிற்கும் சின்னஞ்சிறு ராட்டினம். அதைத் தள்ளிக்கொண்டு வருபவரே அதன் உரிமையாளர், ஓட்டுநர், காசாளர் எல்லாம். கையாலேயே சுற்றுவார். சௌபாத்திக் கடற்கரையிலும் ஜுஹூவிலும் குடிசைப் பகுதிகளின் சந்துகளிலும் அது வந்து நின்றால் சில்லறைக் காசுக்குப் பத்துப் பதினைந்து சுற்று. இதன் பெரிய உடன்பிறப்பைக் காண டிசம்பரில் மாஹிமுக்குப் போக வேண்டும்.

வானத்துத் தொட்டில்: தாராவியிலிருந்து மாஹிம் ரயில் நிலையத்தைக் கடந்து மேற்கே நடந்தால் மக்தூம் அலி மாஹிமியின் தர்கா வந்துவிடும். 1372 முதல் 1431 வரை வாழ்ந்த இஸ்லாமிய அறிஞர் அவர். திருக்குர்ஆனுக்கு விரிவுரை எழுதியவர். அவர் நினைவாக டிசம்பரில் பத்து நாள் நடைபெறும் திருவிழாவில், மும்பைக் காவல்துறை முதல் மரியாதை செலுத்துவது வழிவழியாக வரும் வழக்கம். சீருடை அணிந்த காவலர்கள் இசை முழக்கத்துடன் ஊர்வலமாகச் சென்று சந்தனமும் போர்வையும் சாற்றுவார்கள். கடற்கரையை ஒட்டிய ரேத்தி பந்தர் பகுதியில் சந்தை கூடும். செப்டம்பரில் பாந்திரா மவுண்ட் மேரி தேவாலயத் திருவிழாவில் மெழுகுவத்தி ஏற்றிய அதே தாராவித் தமிழ்க் குடும்பங்கள் டிசம்பரில் மாஹிமிலும் அல்வா வாங்கிக்கொண்டு நிற்பதைக் காணலாம். ராட்டினம் ஏறுவதற்கு மதம் கேட்கப்படுவதில்லை.

மின்மோட்டார் இன்றி ஆள் பலத்தாலேயே சுழலும் பெரிய ராட்டினங்களால் பெயர்பெற்றது மாஹிம் சந்தை. மராத்தியில் இதற்கு "ஆகாஷ் பாளணா" என்று பெயர். பாளணா என்றால் தொட்டில். நெல்லைச் சீமையிலிருந்து வந்து தாராவியில் குடியேறியவர்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. நம் ஊர்த் திருவிழாக்களிலும் அது தொட்டில் ராட்டினம்தானே.

அது சுழலும் விதம் பலருக்குத் தெரியாது. எதிரெதிரான தொட்டில்களில் ஏறத்தாழ ஒரே எடையில் ஆள்களை ஏற்றுவது முதல் வேலை. இருபுறமும் எடை சமமாகிவிட்டால், எவ்வளவு பாரமிருந்தாலும் சக்கரம் நிலைகொண்டு நிற்கும். அதன்பின் வேண்டியதெல்லாம் அச்சின் உராய்வை வென்று முதல் வேகத்தைக் கொடுப்பது. அதற்கு இளைஞர் சிலர் ஆரக்கால்களைப் பற்றிக் குரங்குபோல் மேலேறுவார்கள். இறங்குமுகமாக உள்ள பக்கத்தில் ஒருவர் வட்டையைப் பிடித்துத் தொங்க, அவர் உடல் எடையே சக்கரத்தைக் கீழே இழுக்கும். தரைக்கு அருகே வந்ததும் அவர் கைவிட்டுக் குதிப்பார். அதற்குள் மேலே இன்னொருவர் தொங்கியிருப்பார். வேகம் பிடித்த பின் தாமே விலகி நிற்பார்கள். நிறுத்துவதற்கும் கைதான். எந்த நொடியில் பிடிக்க வேண்டும், எந்த நொடியில் விட வேண்டும் என்பது எந்த நூலிலும் எழுதப்படவில்லை. தந்தையோ அண்ணனோ செய்வதைப் பார்த்துப் பார்த்து உடல் கற்றுக்கொண்ட கணக்கு அது. தவறினால் விலாவும் காலும் போகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிகாகோவுக்கு முந்தையது: உலகின் முதல் ராட்சத ராட்டினம் 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் பெர்ரிஸ் என்ற பொறியாளர் நிறுவியது என்று பொது அறிவு நூல்கள் கூறுகின்றன. உருக்கினால் செய்யப்பட்டு, நீராவி என்ஜினால் சுழன்று, 264 அடி உயரம் எழுந்த வகையில் அது முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆள்கள் கையால் சுற்றும் மரச் சக்கரங்களைக் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டதாக இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே 1615-லேயே எழுதிவைத்திருக்கிறார். ஆங்கிலேயப் பயணி பீட்டர் மண்டி, துருக்கியர் ஆட்சியில் இருந்த பால்கன் பகுதியில் 1620-ல் இத்தகையவற்றைக் கண்டிருக்கிறார். அதாவது மாஹிமில் சுழலும் சக்கரம் சிகாகோவின் மலிவுப் பதிப்பு அல்ல. சிகாகோவுக்கு இருநூற்றெழுபது ஆண்டுகள் முந்தைய மரபின் வாரிசு. பொறியியல் வரலாற்றில் அக்கறை கொண்ட எந்த நாடும் இப்படி ஒன்று தன் நகரின் நடுவே இன்னும் சுழல்கிறது என்று அறிந்தால் முதலில் ஓடிவந்து அளவெடுக்கும்.

பெர்ரிஸின் சக்கரத்துக்கும் நல்ல முடிவு வாய்க்கவில்லை. 1904-ல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் சுழன்ற பின், 1906-ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. வியன்னாவில் 1897-ல் நிறுவப்பட்ட சக்கரம் பிழைத்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் அதை இடிக்க அனுமதி கிடைத்தும், இடிக்கும் செலவுக்குப் பணம் இல்லாததால் அப்படியே விடப்பட்டதாம். இரண்டாம் போரில் எரிந்து, 1947-ல் மீண்டும் சுழன்று, இன்று அந்நகரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பாரம்பரியத்தைக் காப்பாற்றியதில் வறுமைக்கும் ஒரு பங்கு உண்டு போலும்.

சட்டம் அறிந்தது கல்லை மட்டுமே: நம் நாட்டில் தொன்மையைக் காக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1958-ம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டம் நூறாண்டு கடந்த கட்டடங்களையும் இடங்களையும் காக்கிறது. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த கலைப் பொருள்களைக் காக்கிறது. மும்பையோ இன்னும் ஒரு படி முன்னே சென்று, 1995-லேயே நகர அளவில் பாரம்பரிய விதிமுறைகளை வகுத்து, அறுநூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களையும் பகுதிகளையும் பட்டியலிட்டது. இவற்றுள் எதிலும் ராட்டினத்துக்கு இடமில்லை. அப்பு கர் வாழ்ந்தது 23 ஆண்டு. எஸ்ஸெல் வேர்ல்டு 33 ஆண்டு. நூறு வயதை எட்டுவதற்குள் வெட்டி விற்கப்படும் பொருளுக்கு நூறு வயது நிபந்தனை விதிப்பது, பிள்ளை பிழைத்தால் பெயர் வைப்போம் என்பது போன்றது.

மாஹிமின் சக்கரத்துக்கு இன்னொரு சிக்கல். அது எங்கும் நிலையாக நிற்பதில்லை. சந்தை முடிந்ததும் கழற்றப்பட்டு, லாரியேறி அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் போய்விடும். அச்சு தேய்ந்தால் அச்சை மாற்றுவார்கள். ஆரக்கால் ஒடிந்தால் ஆரக்காலை. எது "அசல்" என்று கேட்டால் பதில் இராது. அந்தப் பொருளை விடவும், அதைப் பூட்டவும் ஏற்றவும் சுற்றவும் தெரிந்த மனிதரிடமே மரபு இருக்கிறது. கல்லைக் காக்கும் சட்டத்தால் இதைக் காக்க இயலாது. அதற்கென்றே யுனெஸ்கோ 2003-ல் உருவாக்கிய உடன்படிக்கையில் இந்தியா 2005-ல் இணைந்தது. பிரான்சும் பெல்ஜியமும் இணைந்து விண்ணப்பித்து, தங்கள் ஊர்ச் சந்தைகளில் ராட்டினம் நடத்தும் குடும்பங்களின் வாழ்வையும் கலையையும் 2024-ல் அப்பட்டியலில் சேர்த்துவிட்டன.

அரசு அலுவலகங்களைப் பொருத்தவரை, ராட்டினம் என்பது உரிமம், தீயணைப்பு ஒப்புதல், இயந்திரத் தகுதிச் சான்று ஆகிய மூன்றின் கூட்டு. இதைக் குறை கூறுவதற்கில்லை. 2019 ஜூலையில் ஆமதாபாத் கான்காரியா ஏரிப் பூங்காவில் ஊசல்போல் ஆடும் இயந்திரம் முறிந்து இருவர் உயிரிழந்தனர். 2022 செப்டம்பரில் மொகாலியில், உயரே சென்று இறங்கும் இயந்திரம் கட்டுப்பாடின்றி வீழ்ந்து பலர் காயமடைந்தனர். பழமை என்ற பெயரில் குழந்தைகளை ஆபத்தில் ஏற்றச் சொல்வோர் எவரும் இருக்க முடியாது. கையால் சுற்றும் பெரிய சக்கரங்களுக்கு இனி அனுமதி இல்லை என்று அதிகாரிகள் ஒருநாள் முடிவு செய்தால், அம்முடிவை எதிர்ப்பது கடினம். (மேற்கண்ட இரண்டு விபத்துகளும் மோட்டார் பொருத்திய நவீன இயந்திரங்களில் நேர்ந்தவை என்பது தனிச் செய்தி.) தடை வருமுன் பதிவு வர வேண்டும் என்பதே இங்கு கேள்வி.

அளவெடுக்க அரை மணி நேரப் பயணம்: இங்கிலாந்தின் ஷெப்பீல்டு பல்கலைக்கழகத்தில் தேசியச் சந்தை, சர்க்கஸ் ஆவணக் காப்பகம் 1994 முதல் இயங்குகிறது. ராட்டின உரிமையாளர்களின் கணக்குப் புத்தகம், குடும்பப் புகைப்படம், சுவரொட்டி, இயந்திர வரைபடம் என்று எல்லாவற்றையும் அது சேர்த்துவைக்கிறது. எந்தச் சக்கரத்தையும் அது சுற்றவில்லை. சுற்றியவர்களை மறக்காமல் இருக்கிறது, அவ்வளவுதான். டோக்கியோவில் "எல் டொராடோ" என்ற குதிரை ராட்டினம் ஜெர்மனியில் 1907-ல் செய்யப்பட்டு, நியூயார்க் கோனி தீவில் ஓடி, பின் ஜப்பான் போய்ச் சேர்ந்தது. அதை 2010-ல் அந்நாட்டு இயந்திரப் பொறியாளர் சங்கம் பொறியியல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2020-ல் அப்பூங்கா மூடப்பட்டபோது, அந்தக் குதிரைகளின் கதி என்ன என்று ஒரு நாடே கேட்டது. எஸ்ஸெல் வேர்ல்டு மூடப்பட்டபோதும் பலர் வருந்தினர். ஆனால் அதன் இயந்திரங்கள் என்ன ஆகும் என்று கேட்டவர்கள் குறைவு.

மும்பையில் இதற்கான ஆள்களும் அமைப்புகளும் இல்லாமல் இல்லை. 1887-ல் தொடங்கிய வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரி மாட்டுங்காவில் இருக்கிறது. மாஹிம் சந்தைக்கு அரை மணி நேரப் பயணம். இயந்திரவியல் மாணவர் நால்வர் பத்து நாள் அளவுநாடாவுடன் நின்றால் ஒரு சக்கரத்தின் முழு வரைபடமும் தயார். செம்பூரை அடுத்த தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் கழகம் இருக்கிறது. ஜூலாவாலாக்களின் வாழ்க்கையை வாய்மொழியாகப் பதிவு செய்ய அதைவிடப் பொருத்தமான இடம் வேறேது? பைகுல்லாவின் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்தில் பழைய பம்பாயின் மக்களையும் தொழில்களையும் விளையாட்டுகளையும் காட்டும் களிமண் உருவங்கள் உள்ளன. அவ்வரிசையில் ஓர் ஆகாஷ் பாளணா நிற்பதில் எந்த முரணும் இல்லை. நகரப் பேருந்து நிறுவனமான பெஸ்ட், ஆனிக் பணிமனையில் டிராம் காலம் முதலான தன் வரலாற்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறது. டிராம் வண்டிகள் நின்றது 1964-ல். இன்றைய மும்பைவாசி அதை அறிவது இத்தகைய சேகரிப்புகளால்தான்.

சேர்த்துவைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் செம்பூரே சாட்சி. ராஜ் கபூர் 1948-ல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டூடியோ அங்குதான் இருந்தது. சர்க்கஸ் கோமாளியின் கதையான "மேரா நாம் ஜோக்கர்" (1970) உள்ளிட்ட படங்களைத் தந்த நிறுவனம். 2017 செப்டம்பரில் மூண்ட தீயில் பழைய படங்களின் உடைகளும் நினைவுப் பொருள்களும் சாம்பலாயின. 2019-ல் நிலம் அடுக்குமாடிக் கட்டுமான நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. புகழ்பெற்ற ஒரு குடும்பத்தின் சொத்துக்கே இக்கதி என்றால், பெயரறியா ஜூலாவாலாவின் மரச்சட்டங்களுக்கு யார் பொறுப்பு?

போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் மூன்று தலைமுறைக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற "வனராணி" சிறு ரயிலும் 2021 மே மாதத்து டவ்-தே புயலில் தண்டவாளம் சிதைந்து நின்றுபோனது. மலபார் குன்றின் கமலா நேரு பூங்காவில் குழந்தைகள் ஏறி விளையாடும் பாட்டியின் காலணி மட்டும், அப்பூங்கா அமைந்த 1952-ன் நினைவாக இன்றும் நிற்கிறது. அது கட்டடம், இடம்பெயராது, துரு ஏறாது. அதனால்தான் தப்பியது.

தாராவியில் இடம் எங்கே: தாராவியைப் பொருத்தவரை கேள்வி இன்னும் நெருக்கமானது. பல ஆண்டுகள் இழுபறியில் இருந்த மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. யாருக்கு வீடு, எத்தனை சதுர அடி, தகுதிக்கான ஆண்டு எது என்பவை பற்றியே வாதங்கள் அனைத்தும் நடைபெறுகின்றன. அது இயல்பே, தலைக்கு மேல் கூரை முதலில் வேண்டும். எனினும், மண்பாண்டக் கலைஞர்களின் கும்பர்வாடாவில் சூளைக்கு இடம் வேண்டும் என்று கேட்பவர்கள் இருப்பதைப் போல, பொங்கலுக்கும் பிள்ளையார் சதுர்த்திக்கும் தள்ளுவண்டி ராட்டினம் வந்து நிற்க ஒரு தெருமுனை வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்க வேண்டும். அடுக்குமாடி வளாகங்களின் வாயிற்காவலர் அந்த வண்டியை உள்ளே விடமாட்டார்.

தாராவிக்கு இதில் ஒரு முன்மாதிரியும் உண்டு. 2016-ல் வெளிநாட்டிலிருந்து வந்த வடிவமைப்பாளர்கள் இருவர், தாராவிக் கைவினைஞர்களின் பொருள்களைக் காட்சிக்கு வைக்கச் சக்கரம் பூட்டிய சிறு அருங்காட்சியகம் ஒன்றை அங்கேயே உருவாக்கினர். சந்து சந்தாகத் தள்ளிக்கொண்டு போகலாம். கட்டடம் வேண்டாம், நிலம் வேண்டாம். ராட்டின அருங்காட்சியகம் ஒன்று அமையுமானால் அதற்கும் அந்த வடிவமே தகும். காட்டப்படும் பொருளும் காட்டும் வண்டியும் ஒரே குலம்.

முதல் கட்டமாகச் செய்ய வேண்டியவை செலவில் சிறியவை. மாஹிமிலும் பாந்திராவிலும் சந்தை நடத்த விண்ணப்பிக்கும் ஒவ்வொரு ராட்டினத்தின் விவரமும் உரிமக் கோப்பில் ஏறத்தான் போகிறது. அக்கோப்பின் பிரதி ஒன்று ஆண்டு முடிந்ததும் குப்பைக்குப் போகாமல் ஆவணக் காப்பகத்துக்குப் போக ஓர் உத்தரவு போதும். பழைய பூங்காக்களின் உரிமையாளர்கள் இயந்திரங்களை விற்குமுன் வரைபடங்களையும் புகைப்படங்களையும் ஒப்படைக்கும்படி, மும்பையிலேயே தலைமையகம் கொண்ட இந்தியக் கேளிக்கைப் பூங்காக்கள் சங்கம் கேட்டுக்கொள்ளலாம். வயதான ஜூலாவாலாக்களிடம் ஒலிப்பதிவுக் கருவியுடன் உட்கார ஆள் வேண்டும். அதற்கு மட்டும் அவசரம் இருக்கிறது.

டிசம்பர் சந்தைக்குச் சில நாள் முன்பாகவே ரேத்தி பந்தரில் லாரிகள் வந்து மரச்சட்டங்களையும் இரும்பு அச்சுகளையும் இறக்கும். சக்கரம் தரையில் கிடத்தப்பட்டு, ஆரக்கால் ஒவ்வொன்றாகக் குடத்தில் செருகப்படும். வரைபடம் எடுக்க விரும்புவோருக்கு உகந்த நேரம் அதுவே. எழுந்து நின்றுவிட்டால் உயரே ஏறித்தான் அளக்க வேண்டியிருக்கும்.